இலங்கைப் பாராளுமன்றம்

இலங்கைப் பாராளுமன்றம் (அல்லது இலங்கை நாடாளுமன்றம்) என்பது இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசின் அதியுயர் சட்டவாக்க மன்றமாகும். 225 உறுப்பினர்களைக் கொண்ட ஓரவை மன்றமான இது 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி இயங்குகின்றது. இதன் கட்டடம் கொழும்பு நகருக்கு அண்மையிலுள்ள சிறீ ஜயவர்தனபுர கோட்டையில் தியவன்னா ஓயா நீர்நிலையின் நடுவே அமைந்துள்ளது.

சட்டமியற்றும் முறையில் இம்மன்றம் இந்திய நாடாளுமன்றத்திலிருந்து இரண்டு முக்கிய வகைகளில் வேறுபடுகின்றது. முதலாவதாக, சாதாரண சட்டமூலம் ஒன்று சட்டமாவதற்கு நாட்டுத் தலைவரின் ஒப்பம் தேவையில்லை; சபாநாயகரின் சான்றுரையே போதுமானது. இரண்டாவதாக, ஒரு சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதா என்பதை அது நிறைவேறுவதற்கு முன்னர் மட்டுமே நீதிமன்றம் ஆராய இயலும். நிறைவேறிய பின்னர் அச்சட்டத்தின் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குள்ளாக்க முடியாது.

கலைச்சொற்கள் பற்றிய குறிப்பு: இலங்கையில் வழங்கும் *சட்டமூலம்* என்னும் சொல் தமிழ்நாட்டில் சட்ட முன்வடிவு அல்லது மசோதா எனப்படுகின்றது. இலங்கையின் *உயர் நீதிமன்றம்* என்பது அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகும். அது இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்கு நிகரானது. இக்கட்டுரையில் இலங்கை வழக்கே பின்பற்றப்பட்டுள்ளது.

வரலாறு

இலங்கையின் முதலாவது சட்டவாக்க மன்றமான சட்டநிரூபண சபை, கோல்புறூக்-கமரன் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து 1833இல் உருவாக்கப்பட்டது. அதில் அரச அலுவலர்கள் 9 பேரும், அலுவலர் அல்லாதோர் 6 பேரும் இருந்தனர். அலுவலர் அல்லாதோரில் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வோர் இடம் கிடைத்தது. இவர்கள் அனைவரும் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்களே.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசாங்க சபை அமைந்தது. இதற்கான தேர்தலில் ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. 1947இல் சோல்பரி அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது ஈரவை முறை அறிமுகமானது. கீழவையான பிரதிநிதிகள் சபையில் 101 உறுப்பினர்களும், மேலவையான செனற் சபையில் 30 உறுப்பினர்களும் இருந்தனர். செனற் சபை 1971 ஒக்டோபர் 2ஆம் நாள் ஒழிக்கப்பட்டது. அன்றுமுதல் இலங்கையில் ஓரவையே உள்ளது.

சோல்பரி அரசியலமைப்பின் கீழ், நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாததாக்க முடிந்தது. ரணசிங்க என்பவருக்கு எதிராக இலஞ்ச ஆணையாளர் தொடர்ந்த வழக்கில் இலண்டன் கோமறைக் கழகம் 1964இல் வழங்கிய தீர்ப்பு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். இலஞ்ச நியாய சபைக்கு உறுப்பினர்களை நியமிக்க வகைசெய்த சட்டம் அரசியலமைப்புக்கு முரணாக இருந்தும், மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் நிறைவேறியது என்ற சபாநாயகரின் சான்றிதழ் அதற்கு இருக்கவில்லை. ஆகவே அவ்வேற்பாடு செல்லாது எனத் தீர்க்கப்பட்டது.

1972ஆம் ஆண்டின் முதலாம் குடியரசு அரசியலமைப்பு இந்த அதிகாரத்தை நீக்கியது. சட்டமன்றம் தேசிய அரசுப் பேரவை எனப் பெயர் பெற்றது. சட்டமூலங்களை நிறைவேறுமுன் ஆராய அரசியலமைப்பு நீதிமன்றம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1978 செப்டெம்பர் 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இரண்டாம் குடியரசு அரசியலமைப்பு, மன்றத்துக்கு மீண்டும் பாராளுமன்றம் என்ற பெயரைக் கொடுத்தது. முன்னாய்வுப் பணியை அது உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. ஆயினும் பின்னாய்வுக்கான தடையை அவ்வாறே வைத்துக்கொண்டது.

1977இல் தெரிவான மன்றத்தின் ஆயுட்காலம், 1982 டிசம்பர் 22ஆம் நாள் நடைபெற்ற பொதுசன வாக்கெடுப்பின் மூலம் நீடிக்கப்பட்டது. இலங்கையில் இதுவரை நடந்த பொதுசன வாக்கெடுப்பு இது ஒன்றேயாகும். 1983 ஆகஸ்ட்டில் நிறைவேறிய ஆறாம் திருத்தம், பிரிவினைக்கு எதிரான சத்தியத்தை உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக்கியது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் சபைக்குச் செல்லாமையால் தம் ஆசனங்களை இழந்தனர். இதனால் அடுத்த பொதுத்தேர்தல் வரை வட பகுதி மக்களுக்குப் பாராளுமன்றத்தில் அவர்கள் தெரிவுசெய்த குரல் இல்லாமற் போயிற்று.

கட்டடம்

1930 முதல் கொழும்பு காலிமுகத்திடலின் அருகிலுள்ள கட்டடத்தில் சட்டமன்றம் கூடிவந்தது. அக்கட்டடம் பின்னர் சனாதிபதி செயலகமாக மாறியது. தற்போதைய கட்டடம் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவால் வடிவமைக்கப்பட்டு, 1982 ஏப்ரல் 29ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. சபை மண்டபத்தில் ஆளும் கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் எதிரெதிரே அமர்கின்றனர். சபை கூடும்போது வைக்கப்படும் செங்கோல் பிரித்தானியப் பொதுச்சபையால் 1949இல் அன்பளிப்பாக வழங்கப்பட்டதாகும்.

உறுப்பினர் தெரிவு

மொத்தமுள்ள 225 ஆசனங்கள் பின்வருமாறு பகிரப்படுகின்றன:

* 160 ஆசனங்கள் - 22 தேர்தல் மாவட்டங்களுக்கும் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகைக்கு ஏற்ப
* 36 ஆசனங்கள் - ஒவ்வொரு மாகாணத்துக்கும் 4 என்ற அளவில் (9 மாகாணங்கள்)
* 29 ஆசனங்கள் - தேசியப் பட்டியல். நாடளாவிய வாக்கு வீதத்துக்கு ஏற்பக் கட்சிகளுக்குப் பகிரப்படும்

தேர்தல் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் நடைபெறுகின்றது. வாக்காளர் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ வாக்களித்து, அப்பட்டியலிலுள்ள வேட்பாளர்களுள் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். ஒரு மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் குறைவான வாக்குகளைப் பெறும் கட்சி பங்கீட்டிலிருந்து விலக்கப்படும். மாவட்டத்தில் அதிக வாக்குகளைப் பெறும் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் உண்டு. ஓர் ஆசனம் வெற்றிடமானால் இடைத்தேர்தல் நடைபெறுவதில்லை. அதே பட்டியலில் விருப்பு வாக்குகளில் அடுத்த நிலையில் உள்ளவர் உறுப்பினராகின்றார்.

வாக்காளர் தொகை மாறும்போது மாவட்ட ஆசனங்களும் மாறுகின்றன. போர், இடப்பெயர்வு, புலம்பெயர்வு ஆகியவற்றின் விளைவை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் காணலாம். 2010இல் 9 ஆசனங்களைக் கொண்டிருந்த அம்மாவட்டம், வாக்காளர் பட்டியல் திருத்தப்பட்டதைத் தொடர்ந்து 2015இல் 7 ஆசனங்களையும், 2024இல் 6 ஆசனங்களையுமே பெற்றது.

பதவியினர்

புதிய பாராளுமன்றம் கூடும் முதல் நாளில் உறுப்பினர்கள் தம்முள் மூவரைத் தெரிவுசெய்கின்றனர்: சபாநாயகர், பிரதிச் சபாநாயகரும் குழுக்களின் தவிசாளரும், குழுக்களின் பிரதித் தவிசாளர். அரசாங்க அலுவல்களைச் சபை முதல்வர் நெறிப்படுத்துகின்றார். ஒவ்வொரு தரப்பின் உறுப்பினர்களையும் வாக்கெடுப்பின்போது ஒருங்கிணைப்பவர் முதற்கோலாசான் எனப்படுவார். நிருவாகத்துக்குப் பொறுப்பானவர் செயலாளர் நாயகம். சபையின் ஒழுங்கைப் பேணுவதில் சபாநாயகருக்குத் துணைபுரிபவர் படைக்கலச் சேவிதர்.

சபையின் கூட்ட நடப்பெண் 20 ஆகும். தலைமை தாங்குபவர் முதலில் வாக்களிப்பதில்லை. வாக்குகள் சமமானால் அறுதியிடும் வாக்கை அளிக்கலாம். சபையின் அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று மாதங்கள் வராதிருக்கும் உறுப்பினர் ஆசனத்தை இழப்பார். கட்சியிலிருந்து நீக்கப்படுபவரும் ஒரு மாதத்தின் பின் ஆசனத்தை இழப்பார்; ஆனால் நீக்கம் செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தால் ஆசனம் காப்பாற்றப்படும்.

குழுக்கள்

பாராளுமன்றப் பணியின் பெரும்பகுதி குழுக்களில் நடைபெறுகின்றது. அவற்றுள் சில:

* *அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு* - அமைச்சுகள், திணைக்களங்கள் முதலியவற்றின் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளைக் கொண்டு ஆராய்கின்றது. சுருக்கமாகக் 'கோபா' எனப்படும்.
* *அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு* - அரச கூட்டுத்தாபனங்கள், அரச நிறுவனங்கள் ஆகியவற்றை ஆராய்கின்றது. சுருக்கமாகக் 'கோப்' எனப்படும்.
* *துறைசார் மேற்பார்வைக் குழுக்கள்* - ஒவ்வொரு துறையின் சட்டமூலங்களையும் கொள்கைகளையும் ஆராய்கின்றன.
* *பாராளுமன்ற அலுவல்கள் பற்றிய குழு* - எந்த நாளில் எதனை விவாதிப்பது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பவற்றை முடிவுசெய்கின்றது.

சட்டமூலம் சட்டமாகும் முறை

அரசாங்கச் சட்டமூலம் ஒன்று பொதுவாகப் பின்வரும் படிகளைக் கடக்கின்றது:

1. *கொள்கை முடிவு:* உரிய அமைச்சர் அமைச்சரவைக்கு விஞ்ஞாபனம் சமர்ப்பித்து ஒப்புதல் பெறுகின்றார்.
2. *வரைதல்:* சட்டவரைஞர் திணைக்களம் சட்டமூலத்தை வரைகின்றது. அது அரசியலமைப்புக்கு ஏற்புடையதா என்பதைச் சட்டமா அதிபர் பரிசீலிக்கின்றார்.
3. *வர்த்தமானியில் வெளியிடல்:* மக்கள் அறியும்பொருட்டு, சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே வர்த்தமானியில் வெளியிடப்படல் வேண்டும். 1978இல் 7 நாட்கள் என இருந்த இவ்விடைவெளியைப் பிற்காலத் திருத்தங்கள் மாற்றியுள்ளன.
4. *முதலாம் மதிப்பு:* சட்டமூலம் சபையில் சமர்ப்பிக்கப்படுகின்றது. இந்நிலையில் விவாதம் இல்லை.
5. *உயர் நீதிமன்ற முன்னாய்வு:* எவரேனும் மனுச் செய்தால் (கீழே காண்க).
6. *இரண்டாம் மதிப்பு:* சட்டமூலத்தின் அடிப்படைக் கொள்கை விவாதிக்கப்பட்டு வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றது.
7. *குழு நிலை:* முழுச் சபையும் குழுவாக மாறியோ, வேறொரு குழுவின் வாயிலாகவோ, சட்டமூலம் வாசகம் வாசகமாக ஆராயப்படுகின்றது. திருத்தங்கள் சேர்க்கப்படுவது இந்நிலையிலேயே.
8. *மூன்றாம் மதிப்பு:* திருத்தப்பட்ட வடிவம் இறுதியாக நிறைவேற்றப்படுகின்றது.
9. *சான்றுரை:* சபாநாயகர் சட்டமூலத்தில் சான்றுரை எழுதிக் கையொப்பமிடுகின்றார். அக்கணத்திலிருந்து அது சட்டமாகின்றது.

பொதுசன வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட சட்டமூலத்தில் மட்டும் சனாதிபதி சான்றுரை எழுதுகின்றார்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர்களும் தனி உறுப்பினர் சட்டமூலம் கொண்டுவரலாம். இவ்வாறு நிறைவேறுபவற்றுட் பல, சமய, சமூகச் சங்கங்களைச் சட்டத்தால் கூட்டிணைக்கும் சட்டமூலங்களாகும்.

உயர் நீதிமன்ற முன்னாய்வு

சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றதும் எந்தக் குடிமகனும் அதனை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மனுவின் பிரதியைச் சபாநாயகருக்கும் கொடுத்தல் வேண்டும். மனுச் செய்வதற்கான காலம் தொடக்கத்தில் ஒரு வாரமாக இருந்து, பின்னர் 14 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. நீதிமன்றம் மூன்று வாரங்களுக்குள் தன் தீர்மானத்தைச் சனாதிபதிக்கும் சபாநாயகருக்கும் அறிவித்தல் வேண்டும். அதுவரை அச்சட்டமூலம் தொடர்பான நடவடிக்கைகள் சபையில் இடம்பெறா.

நீதிமன்றத்தின் தீர்மானம் பின்வருவனவற்றுள் ஒன்றாக அமையும்:

* அரசியலமைப்புக்கு முரணில்லை. சாதாரண பெரும்பான்மை போதும்.
* முரண் உள்ளது. மூன்றிலிரண்டு பெரும்பான்மை (150 வாக்குகள்) தேவை.
* முரண் உள்ளது. மூன்றிலிரண்டு பெரும்பான்மையுடன் பொதுசன வாக்கெடுப்பும் தேவை.

எந்தத் திருத்தத்தைச் செய்தால் முரண் நீங்கும் என்பதையும் நீதிமன்றம் குறிப்பிடலாம். அத்திருத்தங்களைக் குழு நிலையில் சேர்த்து, சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றுவதே அரசாங்கங்களின் வழக்கம்.

அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரையின்படி, சான்றுரை எழுதப்பட்ட பின்னர் எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தின் செல்லுபடித்தன்மையை விசாரிக்க முடியாது. எனவே குறித்த நாட்களுக்குள் ஒரு குறைபாடு எவர் கண்ணிலும் படாமற் போனால், அச்சட்டம் அடிப்படை உரிமையைப் பாதித்தாலும், பாராளுமன்றமே அதனை மாற்றினாலன்றி வேறு வழியில்லை. வர்த்தமானி உரிய காலத்தில் மூன்று மொழிகளிலும் மக்களைச் சென்றடைவது இதனால் பெருமுக்கியத்துவம் பெறுகின்றது. சட்டம் எப்போதும் உறுதியாக இருக்கும் என்பது இம்முறையை ஆதரிப்போரின் வாதம். ஒரு சட்டத்தின் தீங்கு அது நடைமுறைக்கு வந்த பின்னரே பெரும்பாலும் வெளிப்படும் என்பது எதிர்ப்போரின் வாதம்.

*அவசர சட்டமூலங்கள்*

1978 அரசியலமைப்பின் 122ஆம் உறுப்புரை, தேசிய நலன் கருதி அவசரமானது என அமைச்சரவை கருதும் சட்டமூலத்தை வர்த்தமானியில் வெளியிடாமலே கொண்டுவர இடமளித்தது. சனாதிபதி அதனை நேரடியாக உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். நீதிமன்றம் 24 மணி நேரத்துக்குள், அல்லது சனாதிபதி குறிப்பிடும் மூன்று நாட்களுக்கு மேற்படாத காலத்துக்குள், தீர்மானிக்க வேண்டியிருந்தது.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இவ்வாறு வந்ததே. மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்றுவதென அமைச்சரவை முன்பே முடிவுசெய்திருந்தமையால், பொதுசன வாக்கெடுப்புத் தேவையா என்ற ஒரே கேள்வியையே நீதிமன்றம் ஆராய்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கு எனத் தற்காலிகமாக இயற்றப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. விசாரணையின்றி நெடுங்காலம் தடுத்துவைக்கப்பட்ட பலர், அவர்களுட் பெருந்தொகையான தமிழர், இச்சட்டத்தின் கீழேயே தடுத்துவைக்கப்பட்டனர். 2010 செப்டெம்பரில் நிறைவேறிய பதினெட்டாம் திருத்தமும் அவசர சட்டமூலமாகவே வந்தது. அவசர சட்டமூல முறையைப் பத்தொன்பதாம் திருத்தம் (2015) நீக்கியது. இருபதாம் திருத்தம் (2020) அதனை வரையறுக்கப்பட்ட வடிவில் மீளக் கொண்டுவந்தது.

*எடுத்துக்காட்டு: நிகழ்நிலைக் காப்புச் சட்டம்*

இணையத்தில் வெளியாகும் கூற்றுகளை ஒழுங்குபடுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 ஒக்டோபர் 3ஆம் நாள் சமர்ப்பிக்கப்பட்டது. அதனை எதிர்த்து நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் தாக்கலாயின. பல வாசகங்கள் திருத்தப்பட்டாலன்றிச் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்ற முடியாது என நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 சனவரி 24ஆம் நாள் 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டுச் சட்டமூலம் நிறைவேறியது. பெப்ரவரி 1ஆம் நாள் சபாநாயகர் சான்றுரை எழுதினார்.

நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் அனைத்தும் சேர்க்கப்படவில்லை என எதிர்க்கட்சிகள் கூறின. எதிர்க்கட்சி உறுப்பினர் ம. ஆ. சுமந்திரன் இதுபற்றித் தாக்கல் செய்த மனுவை உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவில்லை. சபாநாயகருக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானமும் 2024 மார்ச்சில் தோல்வியுற்றது. நீதிமன்றத்தின் தீர்மானம் பின்பற்றப்பட்டதா என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு இறுதியில் சபாநாயகரிடமே தங்கியுள்ளது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

மாகாண சபைகளும் சட்டவாக்கமும்

பதின்மூன்றாம் திருத்தத்தின்படி (1987), மாகாண சபைப் பட்டியலிலுள்ள விடயம் ஒன்றைப் பற்றிய சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறுமுன், எல்லா மாகாண சபைகளின் கருத்தும் அறியப்படல் வேண்டும். எல்லாச் சபைகளும் இணங்கினால் சாதாரண பெரும்பான்மை போதும். இணங்காதபோது, சட்டம் நாடு முழுவதற்கும் ஏற்புடையதாக மூன்றிலிரண்டு பெரும்பான்மை தேவை.

2012இல் கொண்டுவரப்பட்ட திவிநெகும சட்டமூலம் இவ்வகையில் சர்ச்சைக்குள்ளானது. அப்போது வட மாகாண சபைக்குத் தேர்தல் நடத்தப்பட்டிருக்கவில்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் ஒப்புதல் அளிக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. சட்டமூலம் 2013 சனவரியில் நிறைவேறியது. அதே மாதத்தில் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க பாராளுமன்றக் குற்றப் பிரேரணையின் மூலம் பதவிநீக்கப்பட்டார்.

அரசியலமைப்புத் திருத்தம்

அரசியலமைப்பைத் திருத்தும் சட்டமூலத்தின் நீண்ட பெயரில் அது ஒரு திருத்தம் என்பது வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும். வராதோர் உட்பட முழு உறுப்பினர் தொகையின் மூன்றிலிரண்டு, அதாவது 150 வாக்குகள், தேவை. ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, பௌத்த மதத்துக்குரிய முதன்மை இடம், சிந்தனைச் சுதந்திரம், சித்திரவதைக்கு எதிரான உரிமை முதலிய சில உறுப்புரைகளை மாற்றப் பொதுசன வாக்கெடுப்பும் தேவை.

விகிதாசார முறையில் ஒரு கட்சி தனித்து 150 ஆசனங்களைப் பெறுவது அரிது. 2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்று அந்த எல்லையைத் தாண்டியது.

நிதி

அரச நிதியின் மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உரியது. நிதி தொடர்பான சட்டமூலத்தை அமைச்சரவையின் ஒப்புதலுடன் அமைச்சர் ஒருவரே கொண்டுவரலாம். ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் இரண்டாம் மதிப்பின்போது நிதி அமைச்சர் ஆற்றும் உரையே வரவு செலவுத் திட்ட உரையாகும். தொடரும் குழு நிலையில் ஒவ்வோர் அமைச்சின் செலவினமும் தனித்தனியே விவாதிக்கப்படுகின்றது.

மொழி

உறுப்பினர்கள் சிங்களத்திலோ தமிழிலோ உரையாற்றலாம், ஆங்கிலமும் பயன்படுத்தப்படுகின்றது. உடனடி உரைபெயர்ப்பு வசதி உண்டு. 'ஹன்சாட்' எனப்படும் அதிகாரபூர்வ அறிக்கையில் ஒவ்வோர் உரையும் ஆற்றப்பட்ட மொழியிலேயே அச்சிடப்படுகின்றது.

சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிடப்படுகின்றன. இரு உரைகளுக்குமிடையே ஒவ்வாமை ஏற்படின் எது மேலோங்கும் என்பதைப் பாராளுமன்றமே தீர்மானிக்கலாம். நடைமுறையில், சிங்கள உரையே மேலோங்கும் என்னும் பிரிவு சட்டங்களின் இறுதியில் வழமையாகச் சேர்க்கப்படுகின்றது.

பதவிக்காலமும் கலைப்பும்

1978இல் 6 ஆண்டுகளாக இருந்த பதவிக்காலத்தைப் பத்தொன்பதாம் திருத்தம் 5 ஆண்டுகளாகக் குறைத்தது. முதல் நான்கரை ஆண்டுகளுக்குள் சனாதிபதி தன்விருப்பில் மன்றத்தைக் கலைக்க முடியாது எனவும் அது விதித்தது. இவ்விதி 2018இல் சோதனைக்குள்ளானது. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம் அது அரசியலமைப்புக்கு முரணானது என டிசம்பர் 13ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பின்னர் இக்காலம் இரண்டரை ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* இலங்கை அரசியலமைப்பு
* இலங்கை உயர் நீதிமன்றம்
* சோல்பரி அரசியலமைப்பு
* இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம்
* இலங்கையின் தேர்தல் மாவட்டங்கள்